ஏழு சீட் வண்டியைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்

குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் ஏழு பேர்: அப்பா, அம்மா, அவர், மனைவி, தங்கை, பத்து வயதுப் பையன், மூன்று வயதுப் பெண். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த ஆன்ரோடு விலை 22 லட்சம் வரை போகத் தயார். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். "ஏழு சீட் எஸ்.யூ.வி.யில் எது பெஸ்ட், டீசலா பெட்ரோலா?" என்பது கேள்வி. அம்மாவுக்கு முட்டி வலி, அப்பாவை மாதம் ஒருமுறை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, அவ்வப்போது திருப்பதி, பெங்களூரில் அக்கா வீடு என்று கீழே சேர்த்திருக்கிறார். இதையெல்லாம் சேர்த்துப் படித்தால் அவர் கேட்பது வேறு. ஏழு பேரும் ஒரே வண்டியில் நாலைந்து மணி நேரம் உட்கார்ந்து போக முடியுமா, இறங்கும்போது ஒருவருக்கும் இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் இருக்குமா என்பதுதான் கேள்வி. எது பெஸ்ட் என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது. இந்தக் குடும்பத்துக்கு எது என்பதற்குப் பதில் உண்டு.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்து, இப்போது ராணிப்பேட்டை பக்கம் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். புது வண்டி டெலிவரி எடுப்பவர்களும் பழைய வண்டி வாங்குபவர்களும் கூடவந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். எந்த ஷோரூமிலும் எனக்குக் கமிஷன் கிடையாது. சர்வீஸுக்கு வரும் ஏழு சீட் எஸ்.யூ.வி.க்களில் நான் அடிக்கடி பார்ப்பது, கடைசி வரிசை மடித்தபடியே கிடப்பதுதான். சீட்டின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூடச் சிலவற்றில் கிழியாமல் இருக்கும். ஏழு பேர் போகவென்று லட்சக்கணக்கில் கூடக் கொடுத்து வாங்கிவிட்டு, கடைசியில் ஐந்து பேர் வண்டியில் போக, இரண்டு பேர் பின்னால் பஸ்ஸில் வருகிறார்கள். அதனால்தான் யார் கேட்டாலும், வண்டியைக் கடைசி வரிசையிலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள் என்று சொல்கிறேன்.

கடைசி வரிசை ஏன் கஷ்டம் என்பதற்குக் காரணம் வண்டியின் அடியில் இருக்கிறது. பின் ஆக்சில், சைலன்சர், ஸ்டெப்னி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதனால் கால் வைக்கும் தரை மேலே ஏறிவிடுகிறது. கூரையோ பின்பக்கம் சரிந்து இறங்குகிறது. தலை இடிக்கக் கூடாது என்று சீட்டைத் தாழ்த்தி வைக்கிறார்கள். தரை உயரம், சீட் தாழ்வு என்றால் முட்டி மார்பை நோக்கி எழும்பும், தொடைக்கு அடியில் தாங்கல் இருக்காது. அரை மணி நேரம் தெரியாது, ஆம்பூர் தாண்டும்போது தெரியும். ஷோரூமில் பெரும்பாலானவர்கள் முட்டிக்கும் முன் சீட்டுக்கும் இடையே எத்தனை விரல் இடம் என்றுதான் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம், தொடை சீட்டில் படிகிறதா என்பது. உள்ளங்கையைத் தொடைக்குக் கீழே நுழைத்துப் பாருங்கள். கை முழுக்கத் தாராளமாகப் போய் வந்தால் அந்த இடம் பெரியவர்களுக்கு ஆகாது. இன்னொன்று, கடைசி வரிசை பின் சக்கரத்துக்கு நேர் மேலே அல்லது சற்றுப் பின்னால் வருகிறது. டவுன் பஸ்ஸின் கடைசி சீட் மாதிரி, வேகத்தடையில் முன்னால் இருப்பவர் லேசாக அசைந்தால் பின்னால் இருப்பவர் எகிறுவார். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பதில் பாதிக் காரணம் இந்த இடம்தான்.

எஸ்.யூ.வி. என்று கேட்டவருக்கு எம்.பி.வி.யை, அதாவது நிறையப் பேர் உட்காரவென்றே செய்த குடும்ப வண்டியைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் எர்டிகா, கேரன்ஸ், இன்னோவா போன்றவற்றில் தரை தாழ்வு, கூரை பின்னால்வரை ஏறத்தாழ நேராகப் போகிறது. ஆகவே அதே நீளத்துக்குக் கடைசி வரிசையில் நிஜமாகவே ஆள் உட்காரும் இடம் கிடைக்கிறது. கேரன்ஸின் நீளம் 4540 மி.மீ., முன்பின் சக்கர இடைவெளி 2780. அதைவிட நீளமான எக்ஸ்.யூ.வி.700-க்கு நீளம் 4695, இடைவெளி 2750. போனட் பெரிதாக இருப்பதால் எஸ்.யூ.வி. கம்பீரமாகத் தெரியும், உள்ளே இடமாக அது மாறுவதில்லை. தரை உயரம் நிஜமாகவே தேவைப்படுகிறவர்களும் நம் பக்கம் இருக்கிறார்கள். ஜவ்வாது மலையில் நிலம் வைத்திருப்பவர், மழைக் காலத்தில் பாலாற்றங்கரை மண் பாதையில் கொல்லைக்குப் போகிறவர் எஸ்.யூ.வி. வாங்குவது சரி. குடியாத்தம் நண்பரே, நீங்கள் எழுதியதில் எல்லாம் தார் ரோடு.

ஏறி இறங்கும் விஷயத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள். கடைசி வரிசைக்குப் போக நடு வரிசையின் ஒரு பகுதியை மடித்துக் கவிழ்க்க வேண்டும். அது இடது பக்கம், அதாவது ரோட்டோரப் பக்கம் கவிழ்கிறதா என்று பாருங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு நீங்கள் குழந்தை சீட் பொருத்தியாக வேண்டும். அதை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பொதுவாக நடு வரிசையின் இரண்டு ஓரங்களிலும் இருக்கும். இடது ஓரத்தில் குழந்தை சீட்டை மாட்டிவிட்டால், அந்தப் பகுதியைக் கவிழ்க்க முடியாது, கடைசி வரிசைக்கு வழியே அடைபட்டுவிடும். இதை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. குழந்தை சீட் டிரைவருக்குப் பின்னால், வலது ஓரத்தில் இருக்கட்டும். நடுவில் உங்கள் மனைவி, இடது ஓரத்தில் அம்மா, முன்னால் அப்பா, கடைசியில் தங்கையும் பையனும். அம்மா இறங்கிய பிறகுதான் பின்னால் இருப்பவர்கள் இறங்க முடியும், அது பழகிவிடும். ஆனால் குழந்தை சீட் மாட்டிய பிறகு மிச்ச இடத்தில் பெரியவர்கள் இரண்டு பேர் தோள் இடிக்காமல் உட்கார முடிகிறதா, நடுவில் இருப்பவரின் பெல்ட் கொக்கி குழந்தை சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்கிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குழந்தை சீட் ஏற்கனவே இருந்தால் ஷோரூமுக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.

கேப்டன் சீட் உள்ள மாடலைத்தான் விற்பனையாளர் முதலில் காட்டுவார். நடுவில் தனித்தனியாக இரண்டு சீட், இடையில் நடந்து பின்னால் போகலாம், சொகுசுதான். ஆனால் அது ஆறு பேர் வண்டி. ஏழு பேர் இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம். மடியில் ஒரு குழந்தை என்று கணக்குப் போடாதீர்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் திடீரென்று பிரேக் பிடித்தால் எந்தத் தாயாலும் குழந்தையைக் கையில் பிடித்து நிறுத்த முடியாது.

அம்மாவின் முட்டி வலிக்கு எது பொருந்தும் என்று நான் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது, அவர் உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். பொதுவாக, நின்றபடி பின்பக்கம் சாய்ந்தால் இடுப்பு உயரத்தில் சீட் கிடைக்கும் வண்டிதான் முட்டிக்கு நல்லது. ரொம்பத் தாழ்ந்தாலும் கஷ்டம், ஏறிப் போனாலும் கஷ்டம். 'ஸ்கார்பியோ என்' போன்ற, லாரி மாதிரி தனி இரும்புச் சட்டத்தின் மேல் கட்டிய சேஸி வண்டிகள் உயரம். புடவை கட்டியவர்கள் ஒரு காலை மேலே வைத்து, கைப்பிடியைப் பிடித்து, உடம்பை இழுத்து ஏற வேண்டியிருக்கும். ஓரத்தில் படி வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். குறுகலான படியில் கொலுசு, புடவைத் தலைப்பு, மழைத் தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் வழுக்கும். அம்மாவை வழக்கமாகக் கட்டும் புடவையிலேயே கூட்டிப் போங்கள். மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் முறை எல்லோரும் சமாளித்துவிடுவார்கள், மூன்றாவது முறை முகத்தைப் பாருங்கள். அங்கேயே வண்டியின் அகலத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைச் சேர்க்காமல் சஃபாரி 1922 மி.மீ., ஸ்கார்பியோ என் 1917, அல்கஸார் 1800, எர்டிகா 1735. சஃபாரிக்கும் எர்டிகாவுக்கும் ஏழு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். குடியாத்தம் பஜார் பக்கத்துத் தெருக்களில், எதிரே ஒரு டாடா ஏஸ் வந்தால், அந்த ஏழு அங்குலம் தினமும் வேலை வைக்கும்.

டிக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழு சீட்டும் நிமிர்ந்திருக்கும்போது அல்கஸாரில் 180 லிட்டர், எர்டிகாவில் 209, கேரன்ஸில் 216, இன்னோவா ஹைகிராஸில் 300 என்று கம்பெனிகளே சொல்கின்றன. இருநூறு லிட்டர் என்பது சின்ன டிராலி ஒன்று, இரண்டு பை, பிள்ளைகளின் கூடை. அவ்வளவுதான். ஏழு பேர் பெங்களூரில் மூன்று நாள் தங்கப் போனால் சாமான் மடிக்கு வரும். ஸ்கார்பியோ என்-இல் கடைசி வரிசை நிமிர்ந்தால் அதற்குப் பின்னால் கைப்பை வைக்கும் இடம்தான் மிஞ்சும். கூரையில் கேரியர் போடலாம் என்றால் முதலில் ஓனர்ஸ் மேனுவலில் கூரைக்கு எத்தனை கிலோ அனுமதி என்று பாருங்கள். பல வண்டிகளில் மேலே தெரியும் கம்பிகள் வெறும் அழகுக்கு. பாரம் மேலே ஏற ஏற வளைவில் வண்டி சாயும் என்பதையும் மறக்காதீர்கள்.

பாரம் என்றதும் டயர் நினைவுக்கு வருகிறது. இதை நான் விடாமல் எல்லோரிடமும் சொல்கிறேன். ஏழு பேரும் சாமானும் சேர்ந்தால் சாதாரணமாக 450 முதல் 500 கிலோ வரும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் இரண்டு மூன்று பேர் போகும்போது எவ்வளவு காற்று, முழு பாரத்துக்கு எவ்வளவு காற்று என்று தனித்தனியாக அச்சிட்டிருப்பார்கள். பின் டயருக்கு இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். பங்க்கில் காற்று பிடிக்கும் பையன் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு வைப்பார். காற்றுக் குறைவாக, முழு பாரத்துடன், அக்னி நட்சத்திர வெயிலில், வாலாஜா–கிருஷ்ணகிரி ஆறு வழிச் சாலையில் நூறில் போனால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். டயர் வெடித்து வந்து நிற்கும் குடும்ப வண்டிகளில் பல இந்தக் கதைதான்.

வேலூர் வெயிலை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசி வரிசைக்கு ஏ.சி. வென்ட் இருக்கிறது என்றால் மட்டும் போதாது. சிலவற்றில் பின்னால் தனிக் கூலிங் காயில் உண்டு. சிலவற்றில் முன்னால் குளிர்ந்த காற்றையே ஒரு ஃபேன் இழுத்துப் பின்னால் தள்ளும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மத்தியானம் ஒரு மணிக்கு, வெயிலில் நின்ற டெமோ வண்டியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எத்தனை நிமிடத்தில் வேர்வை அடங்குகிறது என்று பாருங்கள். காலை பத்து மணி டெஸ்ட் டிரைவில் இது தெரியவே தெரியாது. பனோரமிக் சன்ரூஃப் விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. நம் ஊரில் அது கூடுதல் சூடும் குறைந்த தலை உயரமும்தான். அதற்காக ஒரு வேரியன்ட் மேலே போகாதீர்கள். அந்தக் காசை நல்ல டயருக்கும் இன்சூரன்ஸுக்கும் வையுங்கள்.

பாதுகாப்பில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது கொஞ்சம், விளம்பரம் சொல்வது அதிகம். எக்ஸ்.யூ.வி.700 2021-இலும், ஸ்கார்பியோ என் 2022-இலும், புதுப்பித்த சஃபாரி 2023-இலும் பெரியவர்கள் பாதுகாப்புக்குக் குளோபல் என்காப் என்ற மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கின. சஃபாரி குழந்தைகள் பிரிவிலும் ஐந்து வாங்கியது. ஸ்கார்பியோ என் குழந்தைகளுக்கு மூன்றுதான். உங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருப்பதால் இந்த இரண்டாவது எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் இந்தச் சோதனையில் வண்டியின் முகப்பு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதுகிறது, பக்கவாட்டில் ஒரு மோதல் உண்டு, பொம்மைகள் முன் சீட்டிலும் நடு வரிசையிலும் இருக்கின்றன. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்காப்பிலும் முறை கிட்டத்தட்ட இதுதான். பின்னாலிருந்து லாரி இடிப்பதை இவை சோதிப்பதில்லை. கடைசி வரிசையில் இருப்பவருக்கு அந்த நட்சத்திரங்கள் நேரடியாக எதுவும் சொல்வதில்லை. அதனால் நீங்களே பார்க்க வேண்டியவை உண்டு. கடைசி வரிசையில் மூன்று முனை பெல்ட்டும், தலையைத் தாங்கும் அளவு உயரும் ஹெட்ரெஸ்டும் இருக்கின்றனவா? பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கடைசி ஜன்னல்வரை நீள்கிறதா? ஜன்னல் தூண்களின் மேல் பகுதியில் ஏர்பேக் என்று பொறித்திருப்பதைத் தேடுங்கள், விற்பனையாளரிடம் எழுத்திலும் கேளுங்கள். தங்கையின் தலைக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் கையால் அளந்து பாருங்கள்.

இனி டீசலா பெட்ரோலா. மாதம் ஆயிரம் என்றால் வருடம் 12,000 கிலோமீட்டர். இந்த எடை வண்டியில் டர்போ பெட்ரோல் நிஜ ஓட்டத்தில் லிட்டருக்குப் பத்தும், டீசல் பதினாலும் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று போட்டால் வருடத்துக்கு முறையே சுமார் 1,21,000 ரூபாயும் 80,000 ரூபாயும் ஆகிறது. மிச்சம் நாற்பதாயிரம். டீசல் வண்டிக்கு ஆன்ரோட்டில் கூடக் கொடுக்கும் தொகையை இந்த நாற்பதாயிரத்தால் வகுத்தால் எத்தனை வருடத்தில் ஈடாகும் என்று தெரிந்துவிடும். ஒன்றேகால் லட்சம் கூட என்றால் மூன்று வருடம். அந்தந்த நாள் விலையைப் போட்டு நீங்களே இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கணக்கைவிட முக்கியம், அந்த ஆயிரம் கிலோமீட்டர் எப்படி ஓடுகிறது என்பது. இப்போதைய டீசல்களில் சைலன்சரில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரி எரிந்து போக, வண்டி சூடாகி ஒரே சீரான வேகத்தில் பதினைந்து இருபது நிமிடம் ஓட வேண்டும். வீடு, கடை, ஸ்கூல் என்று தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்களுக்கு அது அடைத்துக்கொள்ளும், டேஷ்போர்டில் விளக்கு எரியும். அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு வருபவர்களுக்கு வரும் பில் சின்னதாக இருக்காது. உங்களுக்கு மாதம் ஒரு முறையாவது பள்ளிகொண்டா வழியாக ஹைவேயில் வேலூர் போகும் வேலை இருக்கிறது, திருவண்ணாமலை, திருப்பதி வேறு. டீசல் உங்களுக்குப் பொருந்தும். கடைக்குப் போக ஸ்கூட்டரையே எடுங்கள். ஆட்புளூ என்ற யூரியா திரவம் கேட்கும் டீசல் என்றால் அதன் அளவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், தீர்ந்தால் ஆஃப் செய்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. பத்து வருடத்தில் டீசலைப் பிடுங்கிக்கொள்வார்களாமே என்று பலர் கேட்கிறார்கள். அது டெல்லி வட்டாரத்து விதி. தமிழ்நாட்டில் பதிவு 15 வருடம், அதன்பின் எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.

பட்ஜெட்டில் நீங்கள் ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள், ஆன்ரோடு விலையைச் சொன்னது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், முன்பு செஸ் சேர்த்து 45, 50 வரை போனது. அது எக்ஸ்ஷோரூம் விலைக்குள்ளேயே, அதாவது பதிவுக்கும் இன்சூரன்ஸுக்கும் முந்தைய கடை விலைக்குள்ளேயே அடங்கிவிடும். அதற்கு மேல் தமிழ்நாட்டு ஆயுள் வரி, 10 முதல் 20 லட்சம்வரை 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். 19.90 லட்ச வண்டிக்கு வரி 3.58 லட்சம், 20.10 லட்ச வண்டிக்கு 4.02 லட்சம். இருபதாயிரம் கூடப் போனதற்கு நாற்பத்து நாலாயிரம் வரி. உங்கள் 22 லட்சத்துக்கு எக்ஸ்ஷோரூம் 17.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது: வரி 3.15, டி.சி.எஸ். (வண்டி விற்பவர் பிடித்துக் கட்டும் வருமான வரி) 17,500, இன்சூரன்ஸ் ஏறத்தாழ முக்கால் லட்சம், மிச்சம் சில்லறை. டி.சி.எஸ். ஒரு சதவீதத்தை வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம், ரசீதைத் தொலைக்காதீர்கள். இன்சூரன்ஸில் ஜீரோ டெப்பும் (தேய்மானம் கழிக்காமல் பணம் தருவது) எஞ்சின் பாதுகாப்பும் எடுங்கள். 2021 நவம்பரில் பாலாறு பெருகிய மாதிரி ஒரு நாள் வந்தால், தேங்கிய தண்ணீரில் ஸ்டார்ட் செய்து போன எஞ்சினுக்குச் சாதாரண பாலிசி பணம் தராது. பாண்டிச்சேரி முகவரியில் பதிவு செய்து வரியை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வண்டி இங்கேயே ஓடினால் 12 மாதத்துக்குள் இங்கே மாற்றிப் பதிந்து வரி கட்டியாக வேண்டும்.

சரி, எந்த வண்டி? உங்கள் வீட்டு ஏழு பேரும் மாதம் இரண்டு முறையாவது சேர்ந்து போவார்கள் என்றால், நான் முதலில் கேரன்ஸ் அல்லது கேரன்ஸ் கிளாவிஸ் டீசலைப் பார்க்கச் சொல்வேன். 1.5 லிட்டர், 116 குதிரைத் திறன். சீறிப் பாயாது, ஆனால் இழுக்கும். அம்மா ஏறுவது எளிது, தங்கை பின்னால் நிம்மதியாக உட்காரலாம், பட்ஜெட்டில் மிச்சமும் விழும். எஸ்.யூ.வி.தான் வேண்டும், ஹைவே ஓட்டம்தான் அதிகம் என்றால் சஃபாரி அல்லது எக்ஸ்.யூ.வி.700 (2026 ஜனவரியில் அதன் இடத்துக்கு எக்ஸ்.யூ.வி. 7எக்ஸ்ஓ வந்துவிட்டது), இரண்டிலும் டீசல், நடு வேரியன்ட். சஃபாரியில் 170 குதிரைத் திறன், இழுவிசை 350 என்.எம். முழு பாரத்தோடு ஏலகிரி ஏறும்போது கியரைத் தேட வேண்டியிருக்காது. எக்ஸ்.யூ.வி.700 டீசல் மேல் வேரியன்ட்களில் 185 குதிரைத் திறன், எஞ்சின் இன்னும் மென்மை. இரண்டில் கடைசி வரிசை எனக்குச் சஃபாரியில்தான் கொஞ்சம் மேலாகப் படுகிறது, இது என் உடம்பு அளவுக்கு. அல்கஸார் அழகான வண்டி, ஆனால் கடைசி வரிசை பிள்ளைகளுக்குத்தான். தங்கையைப் பின்னால் அனுப்பும் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். எர்டிகா பெட்ரோல் செலவு குறைவு, எங்கே நின்றாலும் மெக்கானிக் உண்டு. 103 குதிரைத் திறனில் ஏழு பேர், ஏ.சி., மலை என்று சேர்ந்தால் திணறும். சமவெளியில் குறை சொல்ல முடியாது. ஸ்கார்பியோ என் தரமான வண்டி, உங்கள் வீட்டுக்குப் பொருந்தாத வண்டி.

ஆட்டோமேட்டிக் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் மாலை ஆறு மணிக்கு நின்றவர்கள் கேட்பார்கள். டீசலோடு வரும் டார்க் கன்வர்ட்டர் கியர்பாக்ஸ் நம்பகமானது. டி.சி.டி. என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் என்றால், மேட்டில் நெரிசலில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தும் பழக்கத்தை விடுங்கள், கிளட்ச் சூடேறும்.

ஹைபிரிட் இன்னோவா ஹைகிராஸ் ஏழு பேருக்கு அருமையான வண்டி, உங்கள் பட்ஜெட்டைத் தாண்டுகிறது. அதன் பேட்டரி பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து நம் வெயிலில் எப்படி இருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. 2022 கடைசியில்தான் அது அறிமுகமானது, என்னிடம் வரும் வண்டிகளுக்கு இன்னும் அவ்வளவு வயதாகவில்லை. மின்சாரத்தில் ஓடும் ஏழு சீட் வண்டிகள் அதைவிடப் புதியவை. கேரன்ஸ் கிளாவிஸ் மின்வண்டி 2025 ஜூலையில்தான் வந்தது. வீட்டில் சார்ஜர் போட இடம் இருந்து, பெங்களூர் பயணம் குறைவு என்றால் யோசிக்கலாம். அதன் நீண்டகாலச் செலவைப் பற்றி நான் இப்போது எது சொன்னாலும் அது ஊகம்.

பழைய இன்னோவா கிரிஸ்டா எடுக்கலாமா என்று அடுத்து உங்களுக்கே தோன்றும். நல்ல யோசனைதான், ஆனால் சி.எம்.சி.க்கும் ஏர்போர்ட்டுக்கும் ஓடிய டாக்ஸியை வெள்ளை போர்டாக மாற்றி விற்பதும் நம் ஊரில் நடக்கிறது. ஆர்.சி.யில் முந்தைய வகை என்ன என்று பாருங்கள், கம்பெனி சர்வீஸ் பதிவில் கிலோமீட்டர் படிப்படியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் மூழ்கிய வண்டிகளும் எங்கெங்கோ போயிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மண் நிறக் கோடு தெரிந்தால், சீட்டுக்கு அடியில் போல்ட் தலைகளில் துரு பூத்திருந்தால், அந்த வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். விலை எவ்வளவு குறைத்தாலும் சரி.

புது வண்டி என்றால் ஆடி மாதத்தில் போய்ப் பேசுங்கள். அப்போது ஷோரூமில் கூட்டம் இருக்காது, தள்ளுபடியும் பேசலாம், டெமோ வண்டியும் நிதானமாகக் கிடைக்கும். டெலிவரியை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் மட்டும் வேண்டாம், அந்த நெரிசலில் யாரும் எதையும் சரிபார்த்துத் தருவதில்லை. பதிவுக்கு அனுப்பும் முன்பே வண்டியை நேரில் பாருங்கள். தயாரித்த மாதம், டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கத்தில் இருக்கும் வாரமும் வருடமும், ஸ்டெப்னி, ஜாக்கி, எல்லா சீட்டும் மடிந்து நிமிர்வது. ஏழு பேரும் போய் ஏழு சீட்டிலும் உட்கார்ந்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஓட்டுவதை உங்கள் மனைவியோ தங்கையோ பார்த்துக்கொள்ளட்டும், அந்த அரை மணி நேரம் நீங்கள் கடைசி வரிசையில் உட்காருங்கள். டெஸ்ட் டிரைவுக்கு ஏழு பேரை ஏற்ற மாட்டோம் என்று சொல்கிற ஷோரூமில் அட்வான்ஸ் கட்டாதீர்கள். உங்கள் வீட்டு கேட்டின் அகலமும் தெருவில் திரும்பும் இடமும் எவ்வளவு என்று அளந்து எழுதினால், சஃபாரி அங்கே நுழையுமா என்பதையும் சொல்கிறேன்.